ஸ்தாபக உறுப்பினர் 14 பேர்ல ரெண்டு பேர் எங்க போனாங்க? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்காவுக்கு எம்எஸ் படிக்கப் போறதப் பத்தின ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கன் யுனிவர்சிட்டீஸ்னு ஒரு சங்கம் இருக்கு, சுருக்கமா ஏஏயூம்பாங்க, 1900ல 14 யுனிவர்சிட்டி சேர்ந்து ஆரம்பிச்சதுன்னு போற போக்குல எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த மெயிலும் வாட்ஸ்அப்பும் மத்த எல்லாத்தையும் விட ஜாஸ்தி. அதனால இந்தத் தடவை முழுக்க அதுதான். சினிமா கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அந்த 14 யுனிவர்சிட்டி எதெதுன்னு முழுசா போடுங்க சார். என் பையனுக்கு அட்மிஷன் பார்க்குற கன்சல்டன்ஸில "இது ஃபவுண்டிங் மெம்பர் யுனிவர்சிட்டி, அதனால எங்க ஃபீஸ் கொஞ்சம் கூட ஆகும்"ங்கறாங்க. (ஒரு அப்பா, சேலம்)

ஃபீஸ் விஷயத்த முதல்ல முடிச்சிடுவோம் சார். 1900ல நாலு பேரு கூடிப் பேசினதுக்கு 125 வருஷம் கழிச்சு சேலத்துல ஒருத்தர் சார்ஜ் வாங்குறதுல எந்த நியாயமும் இல்ல, குடுக்காதீங்க.

லிஸ்ட் இதுதான்: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, கார்னெல், பென்சில்வேனியா, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சிகாகோ, ஸ்டான்ஃபோர்ட், கலிஃபோர்னியா (அப்ப கலிஃபோர்னியா யுனிவர்சிட்டின்னாலே பெர்க்லிதான்), மிச்சிகன், விஸ்கான்சின், கிளார்க், அப்புறம் வாஷிங்டன்ல இருக்குற கத்தோலிக் யுனிவர்சிட்டி ஆஃப் அமெரிக்கா. இதுல கவர்மென்ட் யுனிவர்சிட்டி மூணே மூணுதான், கலிஃபோர்னியா, மிச்சிகன், விஸ்கான்சின். பென்சில்வேனியான்னு மாநிலத்துப் பேர் இருக்கேன்னு நினைக்காதீங்க, அது பிரைவேட்.

கடைசி ரெண்டு பேரப் பார்த்து "இது யாருப்பா"ன்னு தோணுதுல்ல? பாதி மெயில் அதப் பத்திதான், கீழ வர்றேன்.

கேள்வி: ஹார்வர்ட், யேல் எல்லாம் சங்கம் வச்சுத்தான் பேர் வாங்கணுமா? எதுக்கு இப்படி ஒண்ணு ஆரம்பிச்சாங்க? (கல்லூரி மாணவர், கும்பகோணம்)

தம்பி, நீங்க இன்னைக்கு இருக்குற ஹார்வர்ட மனசுல வச்சுக் கேக்கறீங்க. 1900ல கதையே வேற. அப்ப உலகத்துலயே பிஎச்டின்னா ஜெர்மனிதான். பெர்லின், லைப்சிக், கோட்டிங்கன் இப்படி ஒரு இடத்துல போயி படிச்சுட்டு வந்தாதான் மரியாதை, 19ஆம் நூற்றாண்டு பூரா ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பசங்க கப்பல் ஏறி அங்கதான் போனாங்க. அமெரிக்காவுல முதல் பிஎச்டியே 1861லதான் யேல்ல குடுத்தாங்க. 1876ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆரம்பிச்சப்போதான் ஜெர்மனி பாணில ஆராய்ச்சிக்குன்னே ஒரு யுனிவர்சிட்டின்னு ஒண்ணு வந்துச்சு.

சரி, நாமளும் குடுக்குறோம்னு ஆனதும் என்ன ஆச்சுன்னா ஆளாளுக்கு குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. லேப் கிடையாது, லைப்ரரி கிடையாது, ரெண்டு மூணு வாத்தியார் வச்சுக்கிட்டு ஒரு குட்டி காலேஜ் பிஎச்டி குடுக்கும். சில காலேஜ் படிக்கவே வேணாம்னு கௌரவ பிஎச்டி குடுத்துச்சு, ஊர்ப் பெரிய மனுஷன், சர்ச் பாதிரியார், பணம் குடுத்தவர்னு. (நம்ம ஊர்ல மேடைக்கு மேடை "டாக்டர்" பட்டம் வாங்கறவங்கள நினைச்சு நீங்க சிரிக்கிறது எனக்கு கேக்குது.) இதெல்லாம் பார்த்துட்டு ஐரோப்பாக்காரன் அமெரிக்க டிகிரின்னாலே ஒரு மாதிரி பார்த்தான். அவன்கிட்ட போயி "இல்லீங்க, நான் ஹார்வர்ட்"னு சொன்னாலும் அவனுக்கு என்ன, எல்லாம் ஒண்ணுதான்.

இதுதான் கடுப்பு. 1900 ஜனவரில அஞ்சு பிரசிடென்ட்டுங்க சேர்ந்து ஒரு லெட்டர் எழுதினாங்க. ஹார்வர்ட் சார்லஸ் எலியட், கொலம்பியா செத் லோ, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டேனியல் கில்மன், சிகாகோ வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், கலிஃபோர்னியா பெஞ்சமின் வீலர். நம்ம ஊர் கணக்குல பிரசிடென்ட்னா துணைவேந்தர்னு வச்சுக்கோங்க. லெட்டர்ல மூணு விஷயம் சொல்லியிருந்தாங்க: பிஎச்டிக்கு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கண்டிஷன் வேணும், வெளிநாட்டுல நம்ம டாக்டர் பட்டத்துக்கு மதிப்பு ஏறணும், நம்ம ஊர்லயே வீக்கா இருக்குற காலேஜோட தரம் உயரணும். பிப்ரவரி கடைசில சிகாகோ யுனிவர்சிட்டில கூட்டம் நடந்துச்சு, அங்க பிறந்ததுதான் இந்த சங்கம்.

இத நான் இவ்ளோ நீட்டிச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. இன்னைக்கு நம்ம பசங்க டிரான்ஸ்கிரிப்ட்ட (மார்க் பட்டியல்) தூக்கிக்கிட்டு, வெளிநாட்டு டிகிரிய எட போட்டுச் சொல்ற இவேல்யூவேஷன் கம்பெனிக்கு அனுப்பி, "உங்க மூணு வருஷ பிஎஸ்சி எங்க பேச்சிலர்ஸுக்கு சமம் இல்ல"ன்னு பதில் வாங்கி நொந்து போறாங்கல்ல, அதே நிலைமைலதான் 1900ல அமெரிக்கா இருந்துச்சு. வெளில நம்மள மதிக்கலயேங்கற வருத்தத்துல ஆரம்பிச்ச சங்கம் அது. பெருமைக்கு ஆரம்பிச்ச கிளப்னு இப்ப விக்கிறாங்க பாருங்க, அதான் வேடிக்கை.

கேள்வி: சங்கம் வச்சதும் ஜெர்மனிக்காரன் ஏத்துக்கிட்டானா ஐயா? (ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், திருநெல்வேலி)

ஏத்துக்கிட்டாங்க ஐயா, ஆனா அதுல ஒரு சிக்கல் வந்துச்சு. சில வருஷத்துலயே பெர்லின் யுனிவர்சிட்டி, ஏஏயூ மெம்பரா இருக்குற இடத்து டிகிரின்னா சரின்னுட்டாங்க. அப்ப மெம்பர் இல்லாத நல்ல காலேஜ் எல்லாம் கத்த ஆரம்பிச்சுச்சு. பிஎச்டியே குடுக்காத, ஆனா பிஏ பிரமாதமா சொல்லித் தர்ற காலேஜ் அமெரிக்காவுல நிறைய, அவங்க பசங்க பெர்லின் போனா என்ன பண்றது? சரி எல்லா காலேஜையும் தரம் பிரிச்சு லிஸ்ட் போட்ருவோம், நாம போட்டா சண்டை வரும், கவர்மென்ட்டையே போடச் சொல்லுவோம்னு யோசிச்சாங்க.

அங்க கல்வி பீரோவுல கென்ட்ரிக் பாப்காக்னு ஒரு அதிகாரி. அவரு மனுஷன் சும்மா உக்காந்து மார்க் போடல, பெரிய பெரிய யுனிவர்சிட்டிக்கு நேர்ல போயி, எந்த காலேஜ்ல இருந்து வந்த பசங்க இங்க எம்ஏ, பிஎச்டில எப்படி பண்றாங்கன்னு ரெக்கார்ட எடுத்துப் பார்த்து, 1911ல 344 காலேஜ நாலு வகுப்பா பிரிச்சார். முதல் வகுப்பு காலேஜ்ல பிஏ முடிச்சவன் ஒரே வருஷத்துல எம்ஏ முடிச்சிருவான், கீழ போகப் போக அவனுக்கு எக்ஸ்ட்ரா படிப்பு வேணும், இதான் கணக்கு. யோசிச்சுப் பாருங்க, காலேஜ் பில்டிங்க பார்க்காம, வெளில போன பசங்க எப்படி இருக்காங்கன்னு பார்த்து காலேஜுக்கு மார்க். எனக்கு அந்த ஐடியா ரொம்பப் புடிச்சிருக்கு.

பிரின்ட் ஆகறதுக்கு முன்னாடியே லிஸ்ட் பத்திரிகைக்கு லீக் ஆயிடுச்சு. அவ்ளோதான். ரெண்டாவது மூணாவது வகுப்புல போட்ட காலேஜ் பிரசிடென்ட்டுங்க எல்லாம் வாஷிங்டனுக்கு படையெடுத்தாங்க. கடைசில ஜனாதிபதி டாஃப்ட், பதவி முடியறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி, 1913 பிப்ரவரில அந்த லிஸ்ட்ட வெளியிடக்கூடாதுன்னு உத்தரவே போட்டார். அடுத்து வந்தது உட்ரோ வில்சன், பிரின்ஸ்டனுக்கே பிரசிடென்ட்டா இருந்தவர், இவராவது தடைய எடுப்பாருன்னு பார்த்தா அவரும் கை வைக்கல! அப்புறம் வேற வழியில்லாம ஏஏயூவே தன் லிஸ்ட்ட போட ஆரம்பிச்சு, 1948 வரைக்கும் அந்த வேலையப் பார்த்துச்சு. அதுக்கப்புறம் விட்டுட்டாங்க. அதனால ஒண்ண மனசுல வைங்க, இன்னைக்கு ஏஏயூ எந்த காலேஜுக்கும் அங்கீகாரம் குடுக்குற அமைப்பு கிடையாது.

இதுல ஒரு கூத்து என்னன்னா ஐயா, 2008ல ஜெர்மனில, அமெரிக்க பிஎச்டிய வச்சுக்கிட்டு பேருக்கு முன்னாடி "டாக்டர்"னு போட்டுக்கிட்டதுக்காக சில அமெரிக்க விஞ்ஞானிங்க மேல போலீஸ் விசாரணை வந்துச்சு. 1930கள்ல போட்ட ஒரு பழைய சட்டம், ஐரோப்பாவுக்கு வெளில வாங்கின பட்டத்த அப்படிப் போட்டுக்க முடியாதாம். மாட்டினதுல ஒருத்தர் மாக்ஸ் பிளாங்க் இன்ஸ்டிட்யூட் டைரக்டர், அவரு பிஎச்டி எங்கன்னா கார்னெல். ஸ்தாபக உறுப்பினர்! அப்புறம் அந்த வருஷமே விதிய மாத்தினாங்க.

கேள்வி: எம்ஐடி அந்த 14ல இல்லையே, ஏன்? (இயற்பியல் ஆசிரியை, தேனி)

ஏன்னா 1900ல எம்ஐடி பிஎச்டியே குடுக்கல டீச்சர். அங்க முதல் பிஎச்டி 1907ல. சங்கத்துல சேர்ந்தது 1934. கால்டெக்கும் அதே 1934தான். இந்த ஒரு விஷயம் போதும், ஸ்தாபக உறுப்பினர்ங்கறது எத அளக்குதுன்னு தெரிஞ்சுக்க. 1900ல யாரு கொஞ்சம் பெரிய அளவுல பிஎச்டி குடுத்துக்கிட்டு இருந்தாங்க, யாரு அந்த அஞ்சு பேருக்கு தெரிஞ்சவங்க, அவ்ளோதான். பிரவுன்ல 1889லயே பிஎச்டி குடுத்தாங்க, அவங்களுக்கு இடம் கிடைச்சது 1933ல. மறுபக்கம் பிரின்ஸ்டன எடுத்துக்கோங்க, 1896 வரைக்கும் அதுக்குப் பேரே காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி, தனியா கிராஜுவேட் ஸ்கூல் ஆரம்பிச்சதே சங்கம் ஆரம்பிச்ச அதே 1900லதான். பேர் இருந்துச்சு, உள்ள வந்துட்டாங்க.

கேள்வி: ஐவி லீக்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா? (வாசகர், ஓசூர்)

இல்ல. அது விளையாட்டுப் போட்டிக்காக 1954ல எட்டு யுனிவர்சிட்டி போட்டுக்கிட்ட ஒப்பந்தம். அதுல ஆறு பேரு இந்த 14லயும் இருக்காங்க. அந்த எட்டுல ஒண்ணான டார்ட்மவுத் ஏஏயூல சேர்ந்ததே 2019ல.

கேள்வி: 14ல ரெண்டு இப்ப இல்லைன்னு கூகுள்ல பார்த்தேன். கிளார்க் யுனிவர்சிட்டின்னு ஒண்ண கேள்விப்பட்டதே இல்ல, அது எப்படி ஹார்வர்ட் பக்கத்துல உக்காந்துச்சு, ஏன் எந்திரிச்சுப் போச்சு? (ஐடி ஊழியர், சென்னை)

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன். மாசசூசெட்ஸ்ல வூஸ்டர்னு ஒரு ஊர். அங்க ஜோனாஸ் கிளார்க்னு ஒரு வியாபாரி, கலிஃபோர்னியா பக்கம் போயி நல்லா சம்பாதிச்சுட்டு வந்தவர், சொந்த ஊர் பக்கத்துல ஒரு காலேஜ் கட்டணும்னு ஆசை. அவரு மனசுல இருந்தது உள்ளூர் ஏழைப் பசங்க படிக்கிற டிகிரி காலேஜ். ஆனா பிரசிடென்ட்டா கொண்டாந்து உக்கார வச்சது ஸ்டான்லி ஹால், சைக்காலஜிஸ்ட், ஜெர்மனி எல்லாம் சுத்திட்டு வந்தவர், அவருக்கு பிஏ பிஎஸ்சி பசங்களே வேணாம், வெறும் ஆராய்ச்சி மட்டும்தான். 1889ல திறந்தாங்க, ஹால் இஷ்டப்படியே பிஎச்டிக்கு மட்டும். ஆளும் சும்மா இல்ல, ஒளியோட வேகத்த அளந்த மைக்கல்சன் அங்கதான் இருந்தார், மானுடவியல்ல பெரிய தலை ஃப்ரான்ஸ் போவாஸ் அங்கதான் இருந்தார். 1892ல அமெரிக்கன் சைக்கலாஜிக்கல் அசோசியேஷன் ஆரம்பிச்சதும் அங்கதான்.

காசு போட்ட கிளார்க்குக்கு நாளாக ஆக கசந்து போச்சு. நான் கேட்டது என்ன, நீ பண்றது என்னன்னு பணத்த இறுக்கிட்டார். வாத்தியார்ங்களுக்கும் ஹாலுக்கும் வேற ஆகல. இந்த நேரம் பார்த்து சிகாகோல ராக்ஃபெல்லர் காசுல ஒரு புது யுனிவர்சிட்டி ரெடியாகுது, அதுக்கு ஆள் புடிக்கிற வேலைல ஹார்ப்பர். மேல சொன்ன அதே ஹார்ப்பர். 1892 வசந்த காலத்துல நேரா வூஸ்டருக்கே வந்து, சம்பளத்த ஏத்திக் காட்டி, ஆள் ஆளா பேசி, மைக்கல்சன் உள்பட ஒரு பெரிய கூட்டத்தையே அள்ளிட்டுப் போயிட்டார். கிளார்க்ல இருந்த வாத்தியார்ங்கள்ல பாதிக்கு மேல அந்த வருஷம் காலி. நம்ம ஊர் கோச்சிங் சென்டர்ல ஸ்டார் வாத்தியார பக்கத்துத் தெரு சென்டர்காரன் தூக்கிட்டுப் போற மாதிரிதான், என்ன, இங்க போனவரு 1907ல நோபல் வாங்கினார், அறிவியல்ல நோபல் வாங்கின முதல் அமெரிக்கர், பேர் சிகாகோவுக்குப் போயிடுச்சு.

அவ்ளோ அடி வாங்கியும் எட்டு வருஷம் கழிச்சு சிகாகோல நடந்த கூட்டத்துல கிளார்க்குக்கு ஸ்தாபக உறுப்பினர் இடம் கிடைச்சுச்சு. அதுக்கப்புறமும் சும்மா இல்ல. 1909ல கிளார்க்கோட 20ஆம் ஆண்டு விழாவுக்கு ஹால் கூப்பிட்டு மனோதத்துவ மேதை ஃப்ராய்ட் வந்தார், கூடவே அதே துறை யுங். அஞ்சு லெக்சர், ஜெர்மன்லயே. ஃப்ராய்ட் அமெரிக்கா போனது வாழ்நாள்ல அந்த ஒரே தடவைதான். அப்புறம் ராக்கெட் பிரியர்களுக்கு, திரவ எரிபொருள்ல ஓடுற முதல் ராக்கெட்ட 1926 மார்ச்ல பறக்கவிட்ட ராபர்ட் காடர்ட் இருக்காரே, அவரு 1911ல பிஎச்டி வாங்கினதும் கிளார்க், வாத்தியாரா இருந்ததும் கிளார்க்.

ஆனா இடம் சின்னதாவே இருந்துடுச்சு. மெடிக்கல் காலேஜ் இல்ல, பெரிய இன்ஜினியரிங் இல்ல. சங்கமோ வருஷத்துக்கு வருஷம் எத்தன கோடி டாலர் ஆராய்ச்சி நிதின்னு பார்க்குற இடமா மாறிடுச்சு, ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்க கவர்மென்ட் பணம் கொட்ட ஆரம்பிச்சதுல இருந்து. கிளார்க் 1999ல விலகிச்சு, கத்தோலிக் யுனிவர்சிட்டி 2002ல. கத்தோலிக் யுனிவர்சிட்டி கதையும் கிட்டத்தட்ட இதேதான், 1889ல ஆரம்பிச்சப்போ அதுவும் மேல்படிப்புக்கு மட்டும்னுதான் ஆரம்பிச்சுச்சு, அதனாலதான் 1900ல உள்ள வர முடிஞ்சுது.

இப்ப கிளார்க் மோசமான காலேஜா? அதெல்லாம் இல்ல. நல்லா சொல்லித் தர்ற சின்ன யுனிவர்சிட்டி, ஜாக்ரஃபில அவங்களுக்கு இன்னும் நல்ல பேர். என்னக் கேட்டா, வெளில போனதுல அவங்களுக்கு நஷ்டம் இருக்குற மாதிரியே எனக்குத் தெரியல.

கேள்வி: தரம் தரம்னு சங்கம் வச்ச இந்த யுனிவர்சிட்டிங்க பெண்களுக்கு பிஎச்டி குடுத்துச்சா? (ஆய்வு மாணவி, மதுரை)

நல்லா மாட்டி விட்டீங்கம்மா. யேல் 1892ல இருந்து பெண்கள பிஎச்டிக்கு சேர்த்துச்சு, சிகாகோ திறந்த நாள்ல இருந்தே சேர்த்துச்சு. ஆனா எல்லாரும் அப்படி இல்ல. ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல கிறிஸ்டீன் லாட்னு ஒருத்தங்க, கணிதம், தர்க்கம். 1882ல பிஎச்டிக்கு வேண்டியது எல்லாத்தையும் முடிச்சுட்டாங்க. பட்டம் தரல, பெண்ணுங்கறதுக்காக. எப்ப குடுத்தாங்க தெரியுமா? 1926ல. 44 வருஷம் கழிச்சு, அந்தம்மாவுக்கு 78 வயசு இருக்கும்போது.

ஹார்வர்ட்ல மேரி கால்கின்ஸ், சைக்காலஜி. 1895ல பரிட்சை முடிஞ்சுது, உக்காந்து கேள்வி கேட்டவங்கள்ல அந்தத் துறைல பெரிய தலையான வில்லியம் ஜேம்ஸே இருந்தார், பிரமாதம்னு எழுதிக் குடுத்தாங்க, நிர்வாகம் முடியாதுன்னுருச்சு. அப்புறம் 1902ல, ஹார்வர்ட் பேர்ல தர மாட்டோம், பக்கத்துல பெண்களுக்குன்னு இருக்குற ராட்க்ளிஃப் காலேஜ் பேர்ல வேணா வாங்கிக்கோங்கன்னாங்க. "வேணாம்"னு சொல்லிட்டாங்க கால்கின்ஸ். 1905ல சைக்கலாஜிக்கல் அசோசியேஷனுக்கே அவங்கதான் தலைவி. பிஎச்டி இல்லாத தலைவி.

இன்னொண்ணு சொல்றேன். பிரின் மார்னு பெண்கள் காலேஜ், பென்சில்வேனியால. 1888லயே பிஎச்டி குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. 1900 கூட்டத்துக்கு அவங்களக் கூப்பிடல. "எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கண்டிஷன்"னு லெட்டர்ல எழுதினவங்கதான்! கறுப்பினத்தவர் விஷயமும் இப்படித்தான், எட்வர்ட் பூஷேன்னு ஒருத்தர் 1876லயே யேல்ல இயற்பியல்ல பிஎச்டி வாங்கினார், அந்தப் பட்டத்த அமெரிக்காவுல வாங்கின முதல் கறுப்பர். எந்த யுனிவர்சிட்டியும் வேலை தரல. ஃபிலடெல்ஃபியாவுல கறுப்பினப் பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல 26 வருஷம் அறிவியல் சொல்லிக் குடுத்தார். ஸ்தாபக உறுப்பினர் பெருமை பேசும்போது இந்தப் பக்கத்த யாரும் பிரோஷர்ல போடறதில்ல.

கேள்வி: சங்கத்துல இருந்து வெளியேத்துவாங்களா? (பேங்க் ஊழியர், ஈரோடு)

வெளியேத்தியிருக்காங்க. நெப்ராஸ்கா யுனிவர்சிட்டி 1909ல இருந்து மெம்பர், 2011ல ஓட்டெடுப்பு வச்சு நீக்கிட்டாங்க. நூறு வருஷத்துக்கு மேல இருந்த மெம்பர். காரணம் கேட்டா உங்களுக்கு கணக்கு புரியும், பேங்க்காரர் நீங்க. போட்டி போட்டு வாங்குற ஃபெடரல் நிதிக்குத்தான் அங்க வெயிட்டேஜ், விவசாய ஆராய்ச்சிக்கு ஃபார்முலா வச்சு வர்ற பணத்துக்கு கம்மி. நெப்ராஸ்கா விவசாய மாநிலம். அவங்க மெடிக்கல் சென்டரோ ஒமாஹாவுல தனி நிர்வாகம், அந்த ஆராய்ச்சிப் பணம் இவங்க கணக்குல சேராது. சோளத்த ஆராய்ச்சி பண்ணா மதிப்பு கம்மி, கேன்சர ஆராய்ச்சி பண்ணா மதிப்பு ஜாஸ்திங்கற மாதிரி ஆயிடுச்சு. சிராக்யூஸ் யுனிவர்சிட்டி நிலைமை புரிஞ்சு அதே வருஷம் தானே விலகிச்சு, அயோவா ஸ்டேட் 2022ல. புது ஆளும் வர்றாங்க, 2023ல மட்டும் அரிசோனா ஸ்டேட், நோட்ர டேம் உள்பட ஆறு பேரு, அப்ப மொத்தம் 71 ஆச்சு. அதுல டொரன்டோ, மெகில் ரெண்டும் கனடா, 1926லயே சேர்ந்தது.

நாமளா அப்ளை பண்ணி சேர முடியாது, அவங்களா கூப்பிடணும்.

கேள்வி: நம்ம நாட்டுல இந்த மாதிரி ஒண்ணு இல்லையா? மெட்ராஸ் யுனிவர்சிட்டி அதுல ஸ்தாபக உறுப்பினரா? இலங்கையும் இருந்துச்சுன்னு ஒரு பேராசிரியர் சொன்னார். (வாசகர்கள், விழுப்புரம், யாழ்ப்பாணம், ரெண்டு கேள்வியையும் சேர்த்துட்டேன்)

இருக்கு. 1924ல சிம்லாவுல துணைவேந்தர்கள் மாநாடு நடந்துச்சு, அதோட தொடர்ச்சியா 1925ல பம்பாய்ல இன்டர் யுனிவர்சிட்டி போர்டுன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அப்ப பிரிட்டிஷ் இந்தியாலயும் சமஸ்தானங்கள்லயும் இருந்த யுனிவர்சிட்டிங்களே விரல் விட்டு எண்ணிறலாம், 1857ல பிறந்த கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், அப்புறம் லாகூர்ல பஞ்சாப், அலகாபாத், பனாரஸ், மைசூர், பாட்னா, உஸ்மானியா, அலிகார், டாக்கா, ரங்கூன், லக்னோ, டெல்லி, நாக்பூர். நம்ம அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அப்ப பிறக்கவே இல்ல, அது 1929. பின்னாடி சிலோன் யுனிவர்சிட்டியும் சேர்ந்து, போர்டுக்கு பேரே இந்தியா மற்றும் சிலோன்னு கொஞ்ச காலம் இருந்துச்சு, உங்க பேராசிரியர் சொன்னது சரிதான். 1973ல பேர மாத்தி அசோசியேஷன் ஆஃப் இந்தியன் யுனிவர்சிட்டீஸ், ஏஐயூ ஆக்கினாங்க. இன்டர் யுனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ் மீட்டுன்னு நம்ம பசங்க போறாங்கல்ல, அத நடத்துறது இவங்கதான்.

போர்டோட நோக்கத்துல ஒண்ணு என்னன்னா, இந்திய டிகிரிக்கு வெளிநாட்டுல அங்கீகாரம் வாங்கித் தர்றது. அமெரிக்காக்காரங்க 1900ல எழுதினதும் அதான். ஆனா அவங்க 14 பேரு மட்டும் உள்ள, மத்தவங்க வெளிலன்னு கதவ சாத்திட்டு ஆரம்பிச்சாங்க, நாம எல்லாரையும் சேர்த்துக்கிட்டு ஆரம்பிச்சோம். அதனால ஏஐயூ மெம்பர்னு சொன்னா இங்க யாரும் திரும்பிப் பார்க்கறதில்ல. எது நல்லதுன்னு கேட்டா, பெரிய நாட்டுக்கு நம்ம முறைதான் சரின்னு நான் சொல்லுவேன், சண்டைக்கு வராதீங்க.

கேள்வி: அந்த 14ல தமிழுக்கு எங்கயாச்சும் இடம் இருக்கா? (தமிழாசிரியர், தஞ்சாவூர்)

இருக்குங்க ஐயா. பெர்க்லில தமிழ் இருக்கை இருக்கு, தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் அங்கதான் இருந்தார். ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் சேர்த்தாங்க, அதுல தமிழ்நாடு அரசு குடுத்தது 10 கோடி ரூபா, பள்ளிக்கூடப் பிள்ளைங்க உண்டியல் உடைச்சுக் குடுத்த காசும் அதுல இருக்கு. சிகாகோல ஏ.கே. ராமானுஜன் சங்கப் பாட்ட இங்கிலீஷுக்குக் கொண்டு போனார், அதே யுனிவர்சிட்டிலதான் 1937ல இருந்து நம்ம வானியற்பியல் விஞ்ஞானி சந்திரசேகரும் இருந்தார்.

கேள்வி: கடைசியா நேரா சொல்லுங்க. பொண்ணுக்கு ரெண்டு அட்மிஷன் வந்திருக்கு. ஒண்ணு ஏஏயூ ஸ்தாபக உறுப்பினர், வருஷத்துக்கு பெரிய தொகை. இன்னொண்ணு சங்கத்துலயே இல்ல, ஆனா அசிஸ்டன்ட்ஷிப் (அங்கயே பாடம், ஆராய்ச்சி வேலை பார்த்தா சம்பளமும் ஃபீஸ் சலுகையும்) தர்றாங்க. எத எடுக்கறது? (ஒரு அம்மா, கோயம்புத்தூர்)

பொண்ணு எம்எஸ்ஸா பிஎச்டியான்னு நீங்க எழுதலம்மா, அதுலதான் பாதி பதில் இருக்கு. பிஎச்டின்னா யுனிவர்சிட்டி பேர மறந்துடுங்க, கைடு யாரு, அவருக்கு கிரான்ட் இன்னும் எத்தன வருஷத்துக்கு இருக்கு, அவரு பழைய ஸ்டூடன்ட்ஸ் இப்ப எங்க வேலைல இருக்காங்க, எத்தன வருஷத்துல முடிச்சாங்க, இதக் கேளுங்க. பாப்காக் பண்ணின மாதிரியே, வெளில போனவங்கள வச்சு அளக்கணும். பழைய ஸ்டூடன்ட்ஸுக்கு ஒரு மெயில் போட்டா அவங்களே கைடப் பத்தி உண்மைய சொல்லிடுவாங்க, லிங்க்ட்இன்ல புடிக்கலாம். காசு வாங்காம பிஎச்டி சேர்க்கறவங்கதான் நல்ல இடம், அசிஸ்டன்ட்ஷிப் இல்லாத பிஎச்டி எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் யோசிங்க.

எம்எஸ்ஸுன்னா கொஞ்சம் வேற. பெரிய யுனிவர்சிட்டிங்கள்ல எம்எஸ் பல இடத்துல காசு வர்ற வழியா நடக்குது, 71 மெம்பர் யுனிவர்சிட்டியும் அதுக்கு விதிவிலக்கு இல்ல. ஏஏயூ அளக்கறது ஆராய்ச்சிய, உங்க பொண்ணுக்கு அங்க யாரு கிளாஸ் எடுப்பாங்கங்கறத இல்ல. கடன் வாங்கித்தான் போகணும்னா எஜுகேஷன் லோன் வட்டியையும் சேர்த்து மொத்தமா கணக்குப் போட்டுப் பாருங்க, என் ஓட்டு அசிஸ்டன்ட்ஷிப் தர்ற இடத்துக்குத்தான். ஆனா ஒண்ணு, அந்த யுனிவர்சிட்டிக்கு முறையான அக்ரெடிடேஷன் இருக்கான்னு அமெரிக்கக் கல்வித்துறை வெப்சைட்ல ஒரு தடவ தேடிப் பார்த்துக்கோங்க, ஸ்டூடன்ட் விசாவுக்கு வேண்டிய ஐ-20 ஃபார்ம் குடுக்க அவங்களுக்கு அனுமதி இருக்கான்னும் பாருங்க. திரும்பி வந்து இங்க கவர்மென்ட் வேலைக்கோ காலேஜ் வேலைக்கோ போற எண்ணம் இருந்தா சமநிலைச் சான்றிதழ் கேப்பாங்க, முன்னாடி ஏஐயூதான் தருவாங்க, 2025ல யூஜிசி இதுக்குன்னு புது விதிமுறை கொண்டு வந்திருக்காங்க, அதனால எந்த கோர்ஸுக்கு இப்ப யாருகிட்ட வாங்கணும்னு சேர்றதுக்கு முன்னாடியே யூஜிசி சைட்ல பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. அசிஸ்டன்ட்ஷிப் லெட்டர்ல டியூஷன் ஃபீஸ் முழுசா தள்ளுபடியா இல்ல பாதியா, ஹெல்த் இன்ஷூரன்ஸ் உள்ள வருதா, ஒரு செமஸ்டருக்கா ரெண்டு வருஷத்துக்குமான்னு பார்த்து எனக்கு எழுதுங்கம்மா, அடுத்த இதழ்ல பேசலாம்.